சித்திரைச் சருகும் பிரவுன் தாள் தோரணமும்

சித்திரை பிறக்கிற வாரத்தில் எங்கள் ஊரில் இலை உதிரத் தொடங்குகிறது. பஞ்சாங்கத்தில் இளவேனில் என்று போட்டிருக்கும். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நடைபாதையில் பிளேன் மரத்துச் சருகு சேர்ந்துகொண்டிருக்கும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ் என்பதைப் பள்ளியில் படித்துத்தான் வந்தேன். ஆனாலும் வந்த முதல் ஆண்டு, புத்தாண்டுக் காலையில் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடக்கையில் காலடியில் ஏதோ நொறுங்கியபோதுதான் அது உறைத்தது.

கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. நான்கு வயது முதல் ஏழு வயது வரை. வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆயா, தாத்தா, மாமி என்ற உறவுப்பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் தமிழில் மிச்சம். அரை மணி நேரம் அகரம் எழுத வைத்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். கைக்கு வேலை கொடுத்தால் உட்காருவார்கள், காதும் கூடவே திறந்திருக்கும்.

தாளில் இலை செய்து தோரணம் கட்டும் வேலையை முதல் முறை செய்தபோது இணையத்தில் கிடைத்த மேப்பிள் இலைப் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய், வண்ணம் தீட்டி வெட்டச் சொன்னேன். அதன் தலைப்பில் அக்டோபர் என்று இருந்தது. இங்கே அக்டோபரில் ஜக்கரண்டா பூக்கும். அதைப் பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் படிக்கும் ஒரு சிறுமி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மரம் எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று கேட்டாள். எந்தத் தெருவிலும் இல்லை. அன்றோடு அச்சுப் படத்தை விட்டேன். இலை பிள்ளையின் தெருவிலிருந்து வர வேண்டும். இந்த வழிகாட்டியில் மற்ற எதை மாற்றினாலும் அதை மட்டும் மாற்றாதீர்கள்.

செய்யப்போவது இரண்டு வகை இலை. ஒன்று தேய்ப்பு இலை: உண்மை இலையின் மேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்து நரம்பை எடுப்பது. மற்றது கொசுவ இலை: தாளைப் புடவைக் கொசுவம்போல் மடித்து விரிப்பது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால் வாசலுக்குத் தோரணம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம். அதற்குமேல் நான்கு வயதுக் கை ஒத்துழைக்காது.

இலை பொறுக்குவது

வகுப்புக்கு முந்தின நாள் பொறுக்க வேண்டும். புனித வெள்ளி சமயம் இதற்குத் தோதானது. அன்று பள்ளி விடுமுறை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் தீமிதியும் அன்றுதான் என்பதால் குடும்பம் மொத்தமும் ஊரில் இருக்கும். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளோடு நடந்து போய்ப் பொறுக்கி வருவார்கள்.

எந்த இலை நல்லது? அன்று காலையில் விழுந்தது. காம்பை வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் வளைந்தால் எடுக்கலாம். முழுக்கக் காய்ந்த சருகு கிரேயான் பட்டதும் தூளாகிவிடும். அளவு பிள்ளையின் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். பிளேன் இலை சில நேரம் தட்டு அளவுக்குக் கிடக்கும். பிள்ளைகள் அதைத்தான் ஓடிப்போய் எடுப்பார்கள். எடுக்கட்டும், வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். தேய்ப்பதற்கு ஏ4 தாளில் அடங்குகிற இலை வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நன்றாக வருவது மூன்று. பிளேன் இலை விரித்த கைபோல இருக்கும், நரம்பு தடிப்பாகத் தெரியும். லிக்விடாம்பர் இலை நட்சத்திர வடிவம். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. மூன்றாவது, ஆற்றோரங்களில் வளரும் இந்த நாட்டு மரம் ஒன்று. அதன் அறிவியல் பெயர் கொம்ப்ரீட்டம் எரித்ரோஃபில்லம். இரண்டாம் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் சிவந்த இலை என்று பொருள். இலை சிறியது, நீள்வட்டம், ஓரம் மழமழவென்று இருக்கும். முதன்முதலில் வெட்டிப் பழகும் பிள்ளைக்கு இதைக் கொடுங்கள்.

டர்பனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், தெரியும். கடலோரத்து மரங்களில் பெரும்பாலானவை ஆண்டு முழுக்கப் பச்சை. தெருவே சிவக்கும் காட்சி அங்கே இல்லை. அவர்கள் மா, கொய்யா என்று வீட்டுப் பக்கம் விழுகிற எதையும் எடுக்கலாம். பச்சை இலையிலும் நரம்பு இருக்கிறது. வண்ணம் கிரேயான் தரும். மொரீஷியஸ், ரீயூனியன் வாசகர்களுக்கு வேறொரு வசதி உண்டு: அங்கே பதாமியே என்று சொல்லும் நாட்டுவாதுமை தன் இலையைச் சிவக்க வைத்துத்தான் உதிர்க்கும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. அரளி இங்கே பல தோட்டங்களில் வேலியாக நிற்கிறது. இலை, பூ, பால் எல்லாமே நஞ்சு. உடைத்தால் பால் வடிகிற எந்தச் செடியும் வேண்டாம். மலைவேம்பை இங்கே சிரிங்கா என்கிறார்கள். வேம்புக்கு உறவுக்காரி, இலையுதிர் காலத்தில் அழகாக மஞ்சளாகும். ஆனால் அடியில் கிடக்கும் மஞ்சள் காய் நஞ்சு, பார்வைக்கோ கோலிக்குண்டு மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு அந்த மரத்தடிக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

பிளேன் இலையின் அடிப்பக்கம் பூஞ்சை போன்ற மெல்லிய ரோமம் இருக்கும். சிலருக்கு அது இருமலைக் கிளப்பும். ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டால் தொல்லை இல்லை. துடைத்த இலைகளைப் பழைய செய்தித்தாள் மடிப்புகளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். இரண்டு இரவு விட்டால் மொடமொடப்பாகிவிடும். ஒன்றே போதும்.

எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரச்சாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொறுக்குவது தெருவில். இன்னொன்று: எங்கே போனாலும் இலையை மட்டும் எடுங்கள், கிளையை எடுக்காதீர்கள். மரத்தைத் துளைத்து உள்ளே பூஞ்சையை வளர்க்கும் இரண்டு மில்லிமீட்டர் வண்டு ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 2017இல், இதே பூங்காவின் பிளேன் மரங்களில்தான். வெட்டிய கட்டையோடு அது ஊர்விட்டு ஊர் போகும். ஒரு பையன் தன் உயரத்துக்கு ஒரு கிளையை இழுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்த நாளில் எனக்கு இது நினைவுக்கு வந்து, திருப்பிக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போடச் சொன்னேன். அவன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

சாதாரண ஏ4 தாள், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. கெட்டி அட்டை வேண்டாம். நரம்பும் பதியாது, சின்ன விரலால் மடிக்கவும் முடியாது. கொசுவ இலைக்குப் பிரவுன் தாள். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஒவ்வொரு வீட்டிலும் நோட்டுக்கு அட்டை போட ஒரு சுருள் வாங்குவார்கள், ஏப்ரலில் அதன் கடைசி முழம் அலமாரி மேல் கிடக்கும். புதிதாக எதையும் வாங்காதீர்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். சருகின் நிறத்துக்கு அதைவிடப் பொருத்தமான தாள் கடையில் கிடையாது.

கிரேயான்களில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கொஞ்சம் பச்சை. சுற்றியிருக்கும் காகிதத்தை முதல் நாளே உரித்துவிடுங்கள். வகுப்பில் உரிக்கச் சொன்னால் அதுவே அன்றைய வேலையாகிவிடும். உடைந்த துண்டுகளை எறியாதீர்கள், முழுக் குச்சியைவிடத் தேய்ப்புக்கு அவைதான் வசதி. பிறகு முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசைக்குச்சி, கோக்கி என்று இங்கே சொல்லும் தடித்த மார்க்கர் பேனா ஒன்று, சணல் கயிறு, சுவரில் படம் ஒட்ட எல்லோரும் வைத்திருக்கும் பிரெஸ்டிக் கொஞ்சம். பசைக்குச்சியை இங்கே பிரிட் என்றுதான் கேட்க வேண்டும், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும்.

முதல் சனிக்கிழமை: தேய்ப்பு இலை

இலையைக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் மேலே பார்க்க வேண்டும், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். புதிதாகச் செய்பவர்கள் அழகான பக்கத்தை மேலே வைத்துவிட்டு, ஒன்றும் பதியவில்லையே என்று அழுத்தித் தேய்ப்பார்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து இரண்டு பக்கத்தையும் தடவ வையுங்கள். எந்தப் பக்கம் மேடு என்று அதுவே சொல்லிவிடும்.

இலையின் நடுவில் மிளகளவு பிரெஸ்டிக் வைத்து மேசையில் ஒட்டுங்கள். நகர்ந்தால் நரம்பு இரட்டையாக விழும். அதன்மேல் தாளை வைத்து, மேல் ஓரத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கிரேயானை எழுதுவதுபோல் முனையால் பிடிக்கக் கூடாது; படுக்கப்போட்டு, சப்பாத்திக் கட்டை மாதிரி தாளின்மேல் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். முதலில் இலையின் ஓரம், பிறகு உள்ளே.

முதல் இழுப்பில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் நடுநரம்பு ஒரு கோடாக எழும். மூன்றாவதில் அதிலிருந்து கிளை பிரிந்து, கிளையிலிருந்து இழை பிரிந்து, வலைபோல ஒன்று தாளுக்கு அடியிலிருந்து மேலே வரும். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். எங்கள் வகுப்பிலேயே அதிகம் கத்துகிற பையன் அந்த இடத்தில் வாய் பிளந்து கையை நிறுத்திவிட்டான். பிறகு தாளைத் தூக்கி, இலை இன்னும் அடியில் இருக்கிறதா என்று பார்த்தான்.

வண்ணத்தின் வரிசையில் ஒரு விஷயம் இருக்கிறது. மஞ்சளில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதன்மேல். மரத்திலும் கதை அப்படித்தான். இலைக்குள் மஞ்சள் நிறமி கோடை முழுக்க இருந்துகொண்டே இருக்கிறது. பச்சையம் மேலே நிறைந்து நிற்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பகல் குறுகி, குளிர் வந்ததும் மரம் பச்சையத்தை உடைத்து அதன் சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. மூடியிருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சிவப்பு அப்படியில்லை, பல மரங்களில் அது கடைசி நேரத்தில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்றால் லிக்விடாம்பர் கூடுதலாகச் சிவக்கும். கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகி இலையைத் தானே கத்தரித்துவிடுகிறது. காற்று தள்ளுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவையும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டாம். "பச்சை போர்வை, மரம் போர்வையை எடுத்துவிட்டது" என்றால் புரிந்துகொள்ளும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டலாம். ஒரு துண்டுத் தாளில் மஞ்சள் கிரேயானை அழுத்திப் பூசி, மேலே கரும்பச்சையைப் பூசச் சொல்லுங்கள். பிறகு ஐஸ்கிரீம் குச்சியின் ஓரத்தால் சுரண்டட்டும். பச்சை உரியும், மஞ்சள் தெரியும். என் வகுப்பில் இதைச் செய்த நாளில் மேசைத் துணி பாழானது. நீங்கள் செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெட்டுவது. பிளேன் இலையின் வளைவு நெளிவை அப்படியே வெட்டச் சொல்வது கொடுமை. கோக்கிப் பேனாவால் தேய்ப்பைச் சுற்றி ஒரு விரல் அகலம் தள்ளி, படகுபோல வழுவழுப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அந்தக் கோட்டில் வெட்டினால் போதும். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும்; கத்தரிக்கோல் நேராகவே போக, மற்றக் கை தாளைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் செய்வது நேர்மாறு, தாளை அசைக்காமல் உடம்பையே வளைப்பார்கள். நாற்காலியிலிருந்து விழுந்தவர்களும் உண்டு.

கோட்டை விட்டு விலகி வெட்டினால் விடுங்கள். எடுத்து ஓரத்தைச் சரிசெய்து கொடுக்கும் ஆசை நமக்கு வரும். வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலையில் பூச்சி அரித்த ஓரமும் கிழிந்த நுனியும் இருப்பது இயல்புதானே.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சிறுவனுக்கு வெட்டவே வரவில்லை. தாள் கத்தரிக்கோலுக்கு நடுவே மடிந்து மடிந்து போகும். கைப்பயிற்சி போதவில்லை என்று நினைத்து மூன்று வாரம் கோடு வெட்டப் பழக்கினேன். நான்காம் வாரம் பிரசாதம் வாங்க அவன் இடக்கையை நீட்டினான். அவன் ஆயா தட்டிவிட்டு வலக்கையை நீட்டச் சொன்னார்கள். அப்போதுதான் விளங்கியது. சாதாரணக் கத்தரிக்கோலின் அலகு வலக்கைக்கென்று அமைந்தது. இடக்கையால் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெட்டும் இடம் கண்ணுக்கும் மறையும். இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்த அன்றே முழு இலையையும் வெட்டினான். உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கட்டும்.

மூன்று வயதுப் பிள்ளைகள் வந்தால் கத்தரிக்கோலே வேண்டாம். இரண்டு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கோட்டருகே வைத்துச் சிறிது சிறிதாகக் கிழிக்கட்டும். கிழித்த பிரவுன் தாளின் ஓரம் சருகின் ஓரம்போலவே இருக்கும்.

இரண்டாம் சனிக்கிழமை: கொசுவ இலை

இது பார்வைக்குக் கடினம், செய்யச் சுலபம். நான் முதலில் வெள்ளைத் தாளில் தனியாக இரண்டு முறை செய்து பார்த்தேன். நீங்களும் அப்படிச் செய்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

பிரவுன் தாளில் 15 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை மடித்து, மடிப்பில் வெட்டினால் இரண்டு முக்கோணம். ஒன்று ஓர் இலை. ஒரு சதுரத்தில் இரண்டு இலை. முக்கோணத்தின் நீண்ட பக்கம் பிள்ளையின் வயிற்றைப் பார்த்திருக்கட்டும். அது 21 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். மடிக்குமுன் இரண்டு முகத்திலும் கிரேயானால் கிறுக்க விடுங்கள். மடித்து விரிக்கும்போது ஒரு முகமும் மறு முகமும் மாறி மாறித் தெரியும்.

இப்போது நீண்ட பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் விரல் அகலத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கலாம், முன்னே ஒரு மடிப்பு. தாளைத் திருப்பிப் பின்னே ஒரு மடிப்பு. திரும்பவும் முன்னே. எங்கள் வகுப்பில் "முன்னே, பின்னே" என்று எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் மடிப்போம். கொசுவம் என்று சொன்னபோது யாருக்கும் புரியவில்லை. மண்டபத்துக்கு வந்திருந்த ஓர் ஆயாவைக் கூப்பிட்டு, புடவை முன்கொசுவத்தைக் காட்டச் சொன்னேன். அவர்கள் பக்கத்தில் கிடந்த மேசைவிரிப்பை எடுத்து, விரலிடுக்கில் சரசரவென்று ஆறு மடிப்பு எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

ஏழு மடிப்பு வந்ததும் முக்கோணம் தீர்ந்துவிடும். கடைசியில் ஒரு பட்டை கையில் இருக்கும். ஒரு முகத்தில் நீளமான மடிப்பு, எதிர் முகத்தில் குட்டையான நுனி. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிள்ளைக்கு நகம் போதாவிட்டால் ஐஸ்கிரீம் குச்சி.

அடுத்த படியில்தான் எல்லோரும் தவறுவார்கள், கவனியுங்கள். பட்டையைச் சரிபாதியில் இரண்டாக மடிக்க வேண்டும். மடிக்கும்போது நீளமான மடிப்பு இருக்கிற முகம் உள்ளே போக வேண்டும். அதன் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடுகிற அந்த இடத்தில் பசை தடவி, நடுமடிப்புப் பக்கத்தில் முறுக்கிய தாள் காம்பு ஒன்றைச் செருகி, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து ஒன்று முதல் இருபது வரை தமிழில் எண்ணுங்கள். எண்ணிக்கை முடிவதற்குள் பசை பிடித்துவிடும். எண்ணும் பழகும். பதினொன்றில்தான் தடுமாறுவார்கள்.

பிறகு விடுங்கள். நடுவில் பத்தரை சென்டிமீட்டர் நீளத்தில் நுனி நிற்க, இரண்டு பக்கமும் மடிப்புகள் குறைந்துகொண்டே போய்க் காம்பிலிருந்து விசிறிபோல விரியும். பிளேன் இலையில் நரம்புகள் காம்படியிலிருந்து விரல்களாகப் பிரிவதை முதல் வாரம் தேய்த்துப் பார்த்தார்கள் அல்லவா? அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை நீங்கள் சொல்லத் தேவையிருக்காது.

மாற்றி மடித்துவிட்டால், அதாவது நீண்ட மடிப்பு வெளியே போய்விட்டால், நடுவில் பள்ளமும் ஓரத்தில் இரண்டு இறக்கையுமாக வரும். பசை காய்ந்தபின் பிரிக்க முடியாது. என் வகுப்பில் ஐந்து பேருக்கு அப்படி ஆனது. அதில் ஒருத்தி, "இது வண்ணத்துப்பூச்சி, இலையில் உட்கார வந்திருக்கிறது" என்று அறிவித்துவிட்டு இன்னொரு முக்கோணம் கேட்டாள். அந்த ஐந்தும் தோரணத்தில் தொங்கின.

சொல் கொடுக்கும் நேரம்

கை வேலை செய்துகொண்டிருக்கும்போது சொல்லைப் போடுங்கள். பலகையில் எழுதி ஒப்பிக்க வைக்க வேண்டாம். நான் ஒரு கிளையின் நான்கு இலையை வரிசையாக வைப்பேன்: தளிர், இலை, பழுத்த இலை, சருகு. பழுத்த இலை என்றதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு, பழம்தானே பழுக்கும் என்று. தமிழில் இலையும் பழுக்கும். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த பழமொழியை அங்கே சொல்லிவிடலாம், பொருள் கேட்டால் தாத்தாவிடம் அனுப்பிவிடலாம்.

நேரம் இருந்தால் இன்னும் மூன்று: மாமரத்துக்கு இலை, தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை. தோகை என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் தனிக் கனம் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களும், பின்னால் வந்தவர்களில் பெரும்பகுதியினரும் கரும்புத் தோட்ட வேலைக்குத்தான் வந்தார்கள். ஏப்ரலை ஒட்டித்தான் இங்கே கரும்பு வெட்டும் தொடங்கும். வெட்டுமுன் தோகையை எரிப்பார்கள். கரும்புக்காட்டுப் பக்கம் குடியிருப்பவர்களின் கொடித்துணியில் கரிந்த தோகைத் துணுக்குகள் வந்து உட்காரும். எங்கள் வகுப்பில் ஒருவன் கறுப்பு கிரேயானால் ஓர் இலை செய்து, இது தோகை என்றான். அவன் வீடு கரும்பு விளையும் வடகரைக் கடலோரப் பக்கம்.

கோப்பது

இரண்டு மீட்டர் சணல் கயிறு ஒரு வாசலுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும், இரண்டு பக்கமும் முடிபோட மிச்சமும் கிடைக்கும். மாவிலைத் தோரணத்தில் இலையை மடித்து ஈர்க்கால் குத்துவோம். தாள் இலைக்கு ஈர்க்கு வேண்டாம். காம்பைக் கயிற்றின்மேல் மடித்துப் போட்டுப் பசை தடவினால் போதும். சின்னப் பிள்ளைகள் மேசையில் பல்குச்சியும் வேண்டாம், ஸ்டேப்ளர் பெரியவர் கையில் மட்டும். ஒரு சாண் இடைவெளியில் தேய்ப்பு இலை, கொசுவ இலை என்று மாற்றி மாற்றிக் கோத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நீளத்தில் தொங்கவிட வேண்டியதில்லை. ஏறி இறங்கி இருந்தால் காற்றில் நன்றாக ஆடும்.

வாசலில் கட்ட ஆணிதான் சரி. பிரெஸ்டிக் பத்து இலையின் எடையை ஒரு பகல் தாங்கும், இரவில் விழுந்துவிடும். டர்பன்காரர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: கடற்காற்றின் ஈரத்தில் கொசுவம் தளர்ந்து தொங்கிப்போகும். நடுப்பசைக்கு மேலே ஒரு நூல் முடி போட்டுவிட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஏப்ரலுக்குப் பிறகு மழை குறைந்து காற்று வறண்டுவிடும், அங்கே தாள் மாதக்கணக்கில் விறைப்பாக நிற்கும்.

சென்ற முறை மண்டப வாசலில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே எங்கள் தாள் தோரணத்தைக் கட்டினோம். மூன்றாம் வாரம் உள்ளே நுழைந்தபோது, அச்சுப் படத்தைக் கண்டு மரம் எங்கே என்று கேட்ட அதே சிறுமி மேலே பார்த்து, "மாமா, மாவிலை சருகாகிவிட்டது" என்றாள். அந்த வாரம் நான் அந்தச் சொல்லைப் பேச்சில் கொண்டுவந்திருக்கவில்லை.

கழற்றும்போது கொசுவ இலைகளை மடிப்பின் வழியே மூடிவிடுங்கள், பட்டையாகிவிடும். ஓர் உறையில் இருபது அடங்கும். தேய்ப்பு இலைகளுக்கு நடுவே வெள்ளைத் தாள் வையுங்கள். கிரேயான் மெழுகு வெயில் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இங்கே டிசம்பர் வெயில் அலமாரிக்குள்ளும் புகும். உறைமேல் பிள்ளையின் பெயரையும் இலை பொறுக்கிய தெருவின் பெயரையும் எழுதிவிடுங்கள்.